ஆறாம் சிலிண்டர் பாலாஷுக்கு

பாலாஷின் நாற்பதாம் நாள் விருந்து முடிந்த மறுநாள் காலையிலிருந்து, அவனுடைய லாரியின் ஆறாவது சிலிண்டர் லாரிக்குள் எரிவதை நிறுத்திவிட்டு, எங்கள் மெருலோவா ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவனுடைய தலைமாட்டுக் கல்லுக்கு ஒரு சாண் மேலே எரிய ஆரம்பித்தது. லாரி ஓடினால் எரியும், நின்றால் அணையும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அங்கே நீலப்பொறி படபடக்கும், காலை எடுத்தால் நிதானத்துக்கு வரும். அது செர்பியாவுக்கு உலகம் கதவைச் சாத்தியிருந்த காலம். ரொட்டிக்கு வரிசையில் போய் நிற்கும்போது ஒரு விலை, கடை வாசலை எட்டும்போது இன்னொரு விலை, வாங்கிக் கடித்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது விலை. ஆச்சரியப்படுவதற்கென்று மனிதர்களிடம் இருந்த சக்தி முழுவதும் விலைப்பலகையிலேயே செலவாகிவிட்டதால், கல்லறையில் எஞ்சின் பொறி எரிகிறது என்ற செய்தி வந்தபோது யாரும் வாயைப் பிளக்கவில்லை. பெட்ரோல் எங்கே கிடைக்கிறதாம் என்று மட்டும் இரண்டு மூன்று பேர் விசாரித்தார்கள்.

லாரி பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தது. எட்டு சிலிண்டர், பெட்ரோல் எஞ்சின். அது ஓடையைக் கடந்தால் அன்றைக்கு ஓடையில் தண்ணீர் குறையும் என்பார்கள், அவ்வளவு தாகம். டீசல் வண்டிகளெல்லாம் உதிரிபாகம் கிடைக்காமல் முற்றங்களில் நின்று, கோழிகள் அவற்றின் இருக்கைகளில் முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்தன. மலைக்கு அந்தப்பக்கம் இருக்கும் சுரங்க நகரத்து மில்லிலிருந்து எங்கள் ஊருக்கு மாவு கொண்டுவர மிஞ்சியது இது ஒன்றுதான். பாலாஷ் அதை இருபது வருடம் ஓட்டினான். பெட்ரோல் முள்ளைப் பார்ப்பதற்கு முன் விரல் முட்டியால் கண்ணாடியில் இரண்டு தட்டு தட்டுவான், தட்டாவிட்டால் அந்த முள் பொய் சொல்லும் என்பது அவன் கட்சி. ஜனவரி மாதத்தில் ஒரு நாள், கணவாய்ச் சாலையின் மூன்றாம் வளைவில் அவனுடைய இதயம் நின்றது. மனிதன் ஒழுங்கானவன். வண்டியை ஓரம் கட்டி, கைபிரேக்கை இழுத்து, கியரை எடுத்துவிட்டு, தொப்பியையும் சரி செய்துகொண்டு செத்திருந்தான். எஞ்சின் எட்டு சிலிண்டரும் பிசகாமல் பெட்ரோல் தீரும்வரை ஓடியிருக்கிறது. தம்பி த்ராயிலோ பனியில் நடந்து போய்ச் சேர்ந்தபோது பானெட் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது, அண்ணன் இல்லை.

கையில் மெழுகுவத்தி இல்லாமல் செத்தான் என்பதுதான் விஷயம். எங்கள் வ்லாஹ் சனங்களிடம் ஒருவன் எப்படி வாழ்ந்தான் என்பதை இரண்டாவதாகத்தான் கேட்பார்கள். சாகும்போது கையில் எரிகிற மெழுகுவத்தி இருந்ததா என்பதுதான் முதல் கேள்வி. இருந்தால் அந்தப்பக்கம் வழி தெரியும். இல்லாவிட்டால் இருட்டு, தன் கையைத் தானே தேடுகிற இருட்டு, அதற்கு முடிவு கிடையாது. பாலாஷின் பெரியப்பா ஒருவர் இதற்குப் பயந்து ஒன்பது வருடம் எரிகிற மெழுகுவத்தியைக் கையில் பிடித்தபடியே தூங்கி, மூன்று கட்டிலையும் ஒரு வைக்கோல் போரையும் கொளுத்தினார். அப்படி மெழுகுவத்தி இல்லாமல் போனவர்களுக்கு நாற்பதாம் நாள் விருந்தில் வெளிச்சம் கொடுப்பது வழக்கம். கொடுக்கிறவர் பொருளை வலது கையால் தொட்டு, இது இன்னாருக்கு, இன்னார் முன்னால் இருக்கட்டும் என்று சொல்ல வேண்டும். வலது கை எதைத் தொட்டதோ அது அந்தப்பக்கம் போய்விடும். திரும்பி வராது. கோட்டு, கண்ணாடி, ரேடியோ எல்லாம் இப்படிப் போயிருக்கின்றன. ஒரு வீட்டில் கவனக்குறைவாக மேசையில் கை ஊன்றிக்கொண்டு சொன்னதால், அதற்குப் பிறகு அந்த மேசைமேல் எதை வைத்தாலும் தரையில் விழுந்தது.

பாலாஷின் நாற்பதாம் நாளன்று அடித்த காற்று, கூடியிருந்த ஆண்களுக்கு முகச்சவரம் செய்துவிட்டது. கல்லறைக்குப் பக்கத்தில் மேசை போட்டு, சோளமாவுக் களியும் அவரையும் புகைபோட்ட பன்றிக்கறியும் வைத்திருந்தார்கள். பாலாஷின் மனைவி பெர்சீதா ஓர் ஆள் உயர மெழுகுவத்தியைத் தன் கையாலேயே திரித்துக் கொண்டுவந்திருந்தாள். பற்றவைக்கத்தான் முடியவில்லை. அந்த வருடத்துத் தீக்குச்சிகள் உரசினால் தலை மட்டும் பறந்துபோகிற ரகம். ஊரில் இருந்த குச்சிகள் எல்லாம் தலையில்லாமல் காலடியில் கிடந்தன. அப்போது மெக்கானிக் யாங்கு ஒரு யோசனை சொன்னான். லாரியைப் பின்னால் எடுத்துக் கல்லறை வேலியோரம் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி, ஆறாவது பிளக்கின் வயரைப் பிடுங்கி, அதன் முனையில் பெட்ரோலில் நனைத்த திரியை வைத்தார்கள். த்ராயிலோ சாவியைத் திருப்பினான். பொறி பறந்தது, திரி பற்றியது, மெழுகுவத்தி எரிந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. சடங்கு வார்த்தைகளை எடுத்துக்கொடுக்கிற வேலை எங்கள் ஊரில் ரொட்டிக்கடை லெப்ஸாவுடையது. அவள் சொல்லச் சொல்ல பெர்சீதாவும் சொன்னாள். கனமான மெழுகுவத்தி அவளுடைய இடது கையில் இருந்தது. வலது கை, காற்றில் ஆடிய பிளக் வயரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஷாக் அடித்து அவளுடைய பல் கிட்டியதையும், ஒவ்வொரு வார்த்தையும் துள்ளித் துள்ளி வந்ததையும் துக்கம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். கை மாறிப்போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. மெழுகுவத்தி பெர்சீதாவிடமே தங்கிவிட்டது. பொறி பாலாஷுக்குப் போய்விட்டது.

மறுநாள் லாரி இருமிக்கொண்டே யாங்குவின் கொட்டகைக்கு வந்தது. யாங்கு அடக்கமானவன் இல்லை. சைலன்சர் புகையை மோந்து பார்த்தே டிரைவர் காலையில் என்ன சாப்பிட்டான், அதில் உப்பு கூடவா குறைவா என்பதுவரை சொல்லிவிடுவதாக அவனே சொல்லிக்கொள்வான்.

"மிஸ்ஸிங் அடிக்குதுடா யாங்கு," என்றான் த்ராயிலோ.

"எனக்குக் காது இருக்கு. நீ பாலத்துக்கு அந்தாண்ட வரும்போதே ஆறாவதுன்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்ப சீக்கிரம் பாரு. நாளைக்கு மில்லுக்குப் போகணும்."

"போலாம் போலாம். நான் தொட்டா ஓடாத வண்டியும் உண்டா? கம்முனு உக்காரு மாப்ளே."

அவன் முறைப்படித்தான் பார்த்தான். எஞ்சினை ஓடவிட்டு, பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினான். முதலாவதைப் பிடுங்கினால் எஞ்சின் தள்ளாடியது, மாட்டினால் நிமிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. ஆறாவதைப் பிடுங்கினான், எஞ்சின் கண்டுகொள்ளவேயில்லை. ஆக, வேலை செய்யாமல் கூலி வாங்கிக்கொண்டிருந்தவன் அவன்தான். பிளக்கைக் கழற்றினால் பெட்ரோலில் முழுகி நனைந்திருந்தது. அதாவது பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. ஐந்தாவதில் நன்றாக எரிந்த பிளக்கை எடுத்து ஆறாவதில் போட்டான், அதுவும் நனைந்தது. பிளக் துவாரத்தில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றச் சொன்னான், காற்று விரலைத் தூக்கி எறிந்தது. அழுத்தம் சரி. வால்வு இடைவெளி சரி. எட்டு பிளக்குக்கும் பொறியைப் பங்குபோடும் டிஸ்டிரிப்யூட்டரின் மூடியைத் துடைத்து, வெடிப்பு இருக்கிறதா என்று கண்ணோடு ஒட்டிப் பார்த்தான், இல்லை. பாயிண்டை உரசிச் சுத்தம் செய்தான். கடைசியில் மூடியில் வயர் கிளம்புகிற இடத்தில் திருப்புளியைக் காட்டினான். கொழுத்த நீலப்பொறி ஒன்று சடாரென்று தாவியது. அதே வயரின் மறுமுனையில் காட்டினான். ஒன்றுமில்லை. வயரை மாற்றினான். ஒன்றுமில்லை. புதிதாக மாற்றிய வயரையும் மாற்றினான். ஒரு முழ வயருக்குள் நுழைந்த பொறி வெளியே வரவில்லை. யாங்கு தன் வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு ஒரு டப்பாமேல் உட்கார்ந்தான். ஊர் அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக வந்தது.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு பெர்சீதா வந்தாள். விருந்துப் பாத்திரங்களை எடுத்துவரக் கல்லறைக்குப் போயிருந்தவள்.

"ஆறாவதைத் தேடாத யாங்கு. அது அவருகிட்ட இருக்கு."

யாங்கு அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிறகு மெக்கானிக்காகவே நடந்துகொண்டான். கல்லறைத் தோட்டம் கொட்டகைக்கு எதிரே மேட்டில் இருக்கிறது. பெர்சீதா அங்கே போய் நின்று, பொறி எரியும்போது சிவப்புத் துண்டைத் தூக்குவது, அணையும்போது இறக்குவது என்று ஏற்பாடு. அவன் எஞ்சினை எழுப்பினான், துண்டு உயர்ந்தது. அணைத்தான், இறங்கியது. ஏமாற்றுவதற்காக எழுப்புவதுபோல் நடித்து எழுப்பாமல் விட்டான், துண்டு அசையவில்லை. அன்று மாலைவரை எழுப்புவதும் அணைப்பதுமாக இருந்து, நான்கு நாள் பெட்ரோலைத் தீர்த்துவிட்டு, "வண்டியில ஒரு குறையும் இல்ல," என்று அறிவித்தான். அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகு பெர்சீதா பின்னல் வேலையை எடுத்துக்கொண்டு கல்லறைக்கே போக ஆரம்பித்தாள். லாரி எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு அங்கிருந்தே தெரிந்தது. பொறி பதறினால் ஏற்றம், நிதானித்தால் இறக்கம், நடுங்கினால் குளிர், நின்றால் மில் வாசல். த்ராயிலோ வழியில் சிறுநீர் கழிக்க நிறுத்துவதும் தெரியும், அதைப் பற்றி அவனிடம் அவள் கேட்டபோது அவன் காது சிவந்து ஒரு வாரம் தொப்பியைக் கழற்றவில்லை. அந்த வெளிச்சத்தில் அவள் பின்னிய சட்டைகளைப் போட்டவர்களுக்கு இருட்டில் கால் தடுக்கவேயில்லை. புருஷன் அந்தப்பக்கம் கண் தெரிந்து நடமாடுகிறான் என்பதில் அவளுடைய முகம் தெளிந்திருந்தது. அது ஒன்றுதான் அவள் கேட்டது, அது கிடைத்திருந்தது.

ஆனால் ஏழு சிலிண்டரில் அந்த லாரி பாதிச் சுமைதான் ஏற்றும். அதற்கு மேல் ஒரு மூட்டை வைத்தாலும் மூன்றாம் வளைவில் மூச்சு முட்டி நின்றுவிடும். பாதிச் சுமை என்றால் பாதி மாவு, பாதி மாவு என்றால் பாதி ரொட்டி. வசந்தம் எப்படியோ போனது. கோடையில் தோட்டத்தில் விளைந்ததைத் தின்றோம். அடுத்த குளிர்காலம் வந்தபோது லெப்ஸாவின் ரொட்டி வழியாகச் செய்தித்தாளைப் படிக்கலாம் என்ற அளவுக்கு மெலிந்திருந்தது, செய்தித்தாள் வழியாக ரொட்டியையும் பார்க்கலாம். மாட்டுக்குப் போடும் பீட்ரூட்டை வேகவைத்துத் தின்றார்கள். மார்பில் பால் வற்றிய இரண்டு பெண்கள் குழந்தைகளைப் பக்கத்து ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒருத்திதான் குழந்தையோடு திரும்பி வந்தாள். அதற்கு அப்புறம் ஊரில் பெர்சீதாவைப் பார்த்துப் பேசுகிறவர்கள் குறைந்தார்கள். கல்லறைப் பக்கம் பார்க்காமல் நடக்கக் கழுத்தைத் திருப்பித் திருப்பி, பாதிப் பேருக்குக் கழுத்து ஒருபக்கமாகவே நின்றுவிட்டது.

கடைசியில் லெப்ஸாதான் பேசினாள். சடங்கும் அவளுடையது, அடுப்பும் அவளுடையது, வேறு யார் பேச முடியும். பெர்சீதா ரொட்டி வாங்க வந்த ஒரு காலையில், அவளைக் கல்லாவை ஒட்டி வரச் சொன்னாள்.

"நான் சொல்லச் சொல்லத்தான் நீ சொன்ன. உன் கை எங்க இருந்துச்சுன்னு நான் பாத்திருக்கணும், பாக்கல. குடுத்ததைத் திருப்பி வாங்க என்கிட்ட வார்த்தை கெடையாது. ஆனா வண்டிக்கு வேற பொறி போடலாம்னு யாங்கு சொல்றான்."

"எப்படி?"

"பள்ளத்துல பட்டாளத்து வண்டி ஒண்ணு கவுந்து கெடக்குல்ல? அதுலேர்ந்து மூடி, காயில், வயர் எல்லாத்தையும் மொத்தமா எடுத்து இதுல மாட்டிருவானாம். அது நீ தொடாத பொறி."

"அப்ப அவருக்கு?"

லெப்ஸா காலியான மாவுத் தொட்டியைக் கையால் துடைத்தாள். கையில் ஒன்றும் ஒட்டவில்லை.

"என்னைக் கேக்காமலே கழட்டியிருக்கலாமேக்கா," என்றாள் பெர்சீதா.

"நீ தொட்டுக் குடுத்தது. நீ தலையாட்டாம எவன் கை வைப்பான்?"

பெர்சீதா வெகுநேரம் நின்றாள். அந்த நேரத்துக்குள் ரொட்டி விலை இரண்டு தடவை ஏறியது, அதையும் யாரும் கவனிக்கவில்லை. குழந்தையில்லாமல் திரும்பி வந்தவளும் வரிசையில் இருந்தாள். பெர்சீதா திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு தலையாட்டினாள். கழற்றும்போது நான் அங்கே இருக்கணும், அவருக்குச் சொல்லணும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

யாங்கு வேலையை நன்றாகச் செய்தான். பழைய மூடியையும் வயர்களையும் பாலாஷின் வண்டி வேலைத் துணியிலேயே சுற்றி அலமாரியில் வைத்தான். கல்லறையில் பெர்சீதா என்ன சொன்னாள் என்பது யாருக்கும் தெரியாது. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வாக்கியத்தின் நடுவில் பொறி நின்றது. கீழே கொட்டகையில் எட்டு சிலிண்டரும் சேர்ந்து கர்ஜித்ததில் ஜன்னல்கள் அதிர்ந்தன, ஆண்கள் தொப்பிகளைத் தூக்கிப் போட்டுப் பிடித்தார்கள். மேட்டிலிருந்து அவள் சிவப்புத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்கி வந்தாள்.

மறுநாளே த்ராயிலோவும் யாங்குவும் மில்லுக்குப் போய், தாங்கும் மட்டும் மாவு ஏற்றிக்கொண்டு மதியம் ஊருக்குக் கிளம்பினார்கள். மூடுபனி. யாங்கு பிற்பாடு பலமுறை சொன்னதுதான் இது. அவன் எதைச் சொன்னாலும் மூன்று மடங்கு கூட்டிச் சொல்பவன், இதை மட்டும் ஒரு சொல் மாறாமல் சொன்னான். வண்டி பூப்போல ஏறியது. இரண்டாம் வளைவுக்குமேல் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் குளிராக இருந்தது. பிறகு பெட்ரோல் முள்ளின் கண்ணாடியில் டொக் டொக் என்று இரண்டு தட்டு. பிறகு யாரோ இருட்டில் சுவிட்சைத் தேடுவதுபோல், டாஷ்போர்டு முழுக்க ஒரு கை தடவிக்கொண்டு போனது. த்ராயிலோவுக்கு அது யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அண்ணே, கையை எடுங்க," என்றான். "வண்டி என்கிட்ட இருக்கு. நீங்க கவலைப்படாதீங்க."

கை ஸ்டியரிங்கைக் கண்டுபிடித்தது. கெடுதல் செய்கிற கை இல்லை அது, இருபது வருடம் அதே சாலையில் அதே ஸ்டியரிங்கைத் திருப்பிய கை. இருட்டில் சாலை எங்கே இருக்கும் என்று நினைத்ததோ அங்கே திருப்பியது. மூன்றாம் வளைவில் சாலை அதற்குக் கொஞ்சம் இந்தப்பக்கம் இருந்தது.

யாங்கு பள்ளத்தில் மாவு மூட்டைகளோடு மூட்டையாக விழுந்து, தலைமுதல் கால்வரை வெள்ளையாக எழுந்தான். த்ராயிலோ கதவுக்கு அடியில் கிடந்தான். பேச்சு இருந்தது. மெழுகுவத்தி இருக்கா என்று கேட்டான். இல்லை. யாங்கு இரண்டு பேர் பையையும் துழாவினான், தீக்குச்சியும் இல்லை. பிளக் வயரைப் பிடுங்கிப் பொறி எடுக்கலாம் என்று ஓடினான், பேட்டரி பிய்ந்து ஓடைக்குள் போயிருந்தது. கடைசியில் தன் டார்ச் விளக்கைப் போட்டு த்ராயிலோவின் கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டான்.

"இது போதுமாடா மாப்ளே?"

"போதாதுன்னு லெப்ஸாக்கா சொல்லுவாங்க," என்றான் த்ராயிலோ. அதுதான் கடைசி.

லெப்ஸா அப்படித்தான் சொன்னாள். எரிகிறது எதுவோ அதுதான் கணக்கு, டார்ச்சில் தீ எரிவதில்லை. சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஊர் துடைப்பமும் முறமும் தகரமும் எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. மாவும் பனியும் ஒரே வெள்ளையாகக் கிடந்ததால் நாக்கில் வைத்துப் பார்த்துப் பார்த்து வாரினோம். குளிர்ந்தால் பனி, ஒட்டினால் மாவு. த்ராயிலோ கிடந்த இடத்தைச் சுற்றி மட்டும் யாரும் வாரவில்லை. அந்த வாரத்து ரொட்டியில் பைன் இலையும் பெட்ரோலும் மணந்தன. ரொட்டி தடிமனாக இருந்தது, எல்லோருக்கும் முழு ரொட்டி கிடைத்தது. பெர்சீதாவும் வாங்கிச் சாப்பிட்டாள். அந்த வாரம் முழுக்க மெருலோவாவில் மெல்லுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அந்தக் காலத்து எஞ்சினுக்குப் பள்ளத்தில் உருள்வது சளி பிடிப்பதுபோல. எருதுகளைக் கட்டி மேலே இழுத்துப்போட்டு, ஓடையிலிருந்து எடுத்த பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பியபோது எழுந்தது. முன்பக்கக் கூண்டுதான் அப்பளமாகியிருந்தது. பெர்சீதா தன் கல்யாண அலமாரியைக் கொடுத்தாள். யாங்கு அந்தப் பலகைகளால் புதுக் கூண்டு அடித்தான். அலமாரிக் கதவின் நிலைக்கண்ணாடியைக் கழற்ற நேரமில்லாமல் அப்படியே முகப்புப் பலகையாக மாட்டிவிட்டதால், எதிரே வருகிற வண்டிக்காரர்கள் தாங்களே தங்கள்மேல் மோத வருவதைப் பார்த்து ஒதுங்கினார்கள். பிறகு, ஒருவரும் சொல்லாமலே, துணியில் சுற்றி வைத்திருந்த பழைய மூடியையும் வயர்களையும் எடுத்து மாட்டினான். எஞ்சின் உடனே இரும ஆரம்பித்தது. பெர்சீதா மேட்டைப் பார்த்தாள். பட்டப்பகலிலும் பொறி தெரிந்தது.

த்ராயிலோவின் நாற்பதாம் நாளன்று காற்று இல்லை. தீக்குச்சிகளும் அந்த மாதம் தரமாக வந்திருந்தன, மெழுகுவத்தி முதல் உரசலிலேயே பற்றியது. அவனுக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லாததால் கொடுக்க வேண்டியவள் பெர்சீதாதான். அவள் லாரியையும் வேலியோரம் கொண்டுவரச் சொல்லியிருந்தாள். பானெட்டைத் திறக்கச் சொன்னாள்.

"ஆறுக்கு அடுத்தாப்புல எது எரியும் யாங்கு?"

எஞ்சினில் சிலிண்டர்கள் எண் வரிசைப்படி எரிவதில்லை, அதற்கென்று தனி வரிசை இருக்கிறது. யாங்கு அதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தான்.

"மூணாவது."

"அப்ப மூணு."

லெப்ஸாவுக்குப் புரிந்துவிட்டது. "அடியே, ஒண்ணு போனதுக்கே நாம பட்டது போதாதா? மெழுகுவத்திதான் நல்லா எரியுதே, அதைத் தொட்டுக் குடு. ஆறுல வண்டி மலை ஏறுமாடி?"

"மெழுகுவத்தி எத்தனை நாளைக்குக்கா? ஏழு ஓடினா அவரு ஒருத்தருக்கு வெளிச்சம். தம்பி அவரைத் தேடிக்கிட்டுத் தடவிக்கிட்டு நம்ம வண்டிக்குத்தான் வருவான். அப்புறம் அடுத்தது யாரு?"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"வண்டி ஏத்துற வரைக்கும் ஏத்தட்டும். மீதியை நாம தூக்குவோம்," என்றாள். மெழுகுவத்தியைக் கீழே ஊன்றிவிட்டு, இந்தமுறை தெரிந்தே, மூன்றாவது வயரின் முனையை வலது கையால் பிடித்தாள். லெப்ஸா வார்த்தைகளை எடுத்துக் கொடுத்தாள். பெர்சீதா துள்ளாமல் சொல்லி முடித்தாள். பக்கத்துப் பக்கத்துக் கல்லறைகளில் ஒரு பொறி, அதன் வால் பிடித்தாற்போல் இன்னொரு பொறி, அண்ணன் முன்னால் தம்பி பின்னால் என்று எரிந்தன.

லாரியை அன்றிலிருந்து பெர்சீதாவே ஓட்டினாள். ஆறு சிலிண்டரில் அது கால்வாசி மாவுதான் ஏற்றியது. மிச்சத்தை ஊர் முதுகில் சுமந்தது. லாரி முன்னால் நடைவேகத்தில் இருமிக்கொண்டு போக, பின்னால் ஆளுக்கு ஒரு மூட்டையோடு வரிசையாக, மூன்றாம் வளைவில் மூச்சுவாங்க நின்று, மறுபடி கிளம்பி, கணவாயைத் தாண்டி வருவோம். லெப்ஸா இரண்டு மூட்டை தூக்குவாள், வாயும் நிற்காது. அந்த ஏற்றத்தில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு முதுகு ஒரு விரற்கடை குட்டையாகி, கால் ஒரு விரற்கடை நீளமாகிவிட்டது. தையற்காரர் அளவை மாற்றிக்கொண்டார். இரண்டு பேர் அந்த வழியில் செத்தார்கள். ஒருவருக்கு நுரையீரல், ஒருவருக்கு வயசு. இரண்டு பேர் கையிலும் எரிகிற மெழுகுவத்தி இருந்தது, அதற்குள் எங்கள் ஊரில் ஸ்டெப்னி இல்லாமல் வண்டி எடுப்பார்கள், மெழுகுவத்தி இல்லாமல் எடுக்கமாட்டார்கள். டாஷ்போர்டில் மறுபடி யாரும் தட்டவில்லை.

வருடங்கள் போயின. உலகம் கதவைத் திறந்தது, மாவு வேறு வேறு வண்டிகளில் வீட்டு வாசலுக்கே வந்தது, விலைகள் ஓடி ஓடிக் களைத்து உட்கார்ந்தன. யாங்கு கட்டிலில் செத்தான், ஒரு கையில் மெழுகுவத்தி, இன்னொரு கையில், எதற்கும் இருக்கட்டும் என்று, ஒரு பிளக் வயர். பெர்சீதா லாரியை விற்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் விறகு ஏற்றுகிறாள், ஏற்ற ஒன்றுமில்லாத நாளில் சும்மா ஓட்டுகிறாள். நகரத்தில் வண்டிப் பரிசோதனைக்குப் போனபோது புதிதாக வந்த அதிகாரி காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அம்மா ரெண்டு சிலிண்டர் வேலை செய்யல, என்றார்.

"செய்யுது," என்றாள் அவள். "இங்க இல்ல."

அவர் ஒருநாள் நேரிலேயே வந்து மேட்டில் நின்று பார்த்துவிட்டு, எட்டு சிலிண்டர், ஆறு இங்கே, இரண்டு அங்கே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டார். முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு, லெப்ஸாவின் கடையில் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போனார்.

லாரி இன்றைக்கும் ஊருக்குள் அதே இருமலோடுதான் வருகிறது, எழுபது வயதிலும் பெர்சீதா இடது காலைப் பல்லைக் கடித்துக்கொண்டு கிளட்சில் ஊன்றுகிறாள். கல்லறைத் தோட்டத்தைக் கடக்கும்போது மட்டும் வண்டியை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்துக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருப்பாள். அவர்கள் ஏதாவது தேடிக்கொண்டிருந்தால் கிடைக்கட்டும் என்று.